விவேகமாக என்றால் எப்படி?

ஆன்டிபயாட்டிக் மருந்துகளை 'விவேகமாகப் பயன்படுத்துங்கள்' என்பது யாரும் மறுக்க முடியாத அறிவுரை. அதனாலேயே அது யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. மெடிக்கலில் போய் சளி, தொண்டைவலி என்று சொன்னால் மூன்று அஸித்ரோமைசின் மாத்திரை உள்ள அட்டை கைக்கு வந்துவிடுகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று எச்சரிக்கும் சிவப்புக் கோடு அந்த அட்டையிலேயே இருக்கிறது. சாதாரண சளி வைரஸால் வருவது, அதற்கு இந்த மாத்திரை எதுவும் செய்யாது. ஆனால் வாங்குகிறவர் தன் கணக்கில் விவேகமாகத்தான் நடக்கிறார்: அரை நாள் கூலி மிச்சம், டாக்டர் ஃபீஸ் மிச்சம். விற்பவருக்கு ஒரு வாடிக்கையாளர் மிச்சம். நஷ்டம் வேறெங்கோ, மருந்துக்கு அடங்காத கிருமியோடு ஐசியுவில் கிடப்பவரிடம் போய்ச் சேருகிறது. அப்படிப்பட்ட கிருமிகளால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு.

ஆகவே விவேகத்தை அவரவர் மனசாட்சியிடம் விடாமல் வேலையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2014இல் அமலுக்கு வந்த எச்1 மருந்துப் பட்டியல் அதைத்தான் செய்தது: அதிலுள்ள மருந்தை விற்றால் எழுதிய டாக்டர், நோயாளி, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாட்டிக்குகளை முதலில் தரக்கூடியவை, எச்சரிக்கையோடு தர வேண்டியவை, கடைசிக் கையிருப்பு என்று மூன்றாகப் பிரித்தது. அமாக்சிசிலின் முதல் வகை. நாம் வெற்றிலைபாக்கு மாதிரி வாங்கும் அஸித்ரோமைசின் இரண்டாவது வகை.

டாக்டரே இல்லாத ஊரில் சீட்டு கேட்டால் ஏழை சாக மாட்டானா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. மருந்து கிடைக்காமல் இறப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எல்லா மருந்துக்கும் ஒரே கெடுபிடி வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அந்த மூன்று வகைப் பிரிவே அதற்குத்தான். நோயாளியைப் பார்க்காத சட்டம் டாக்டரின் கையைக் கட்டலாமா என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. கிருமி எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை டாக்டர் ஊகத்தில்தான் மருந்து எழுத முடியும், உண்மை. ரிசல்ட் வந்த பிறகும் ஊகத்தில் எழுதிய மருந்தே ஓடிக்கொண்டிருந்தால்தான் கேள்வி. அதைக் கேட்க ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் ஒரு ஆள் வேண்டும். மெடிக்கலின் எச்1 பதிவேட்டைத் திறந்து பார்க்க மருந்து ஆய்வாளர் வர வேண்டும். 'விவேகமாகப் பயன்படுத்துங்கள்' என்று சுவரொட்டி அச்சடிப்பதை விட இதற்குச் செலவு அதிகம்தான்.