ஒரு பக்கம் தடை, மறு பக்கம் டிக்கெட்: பவ் வாவ் ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

தோழர்களே, தங்கள் சொந்த மண்ணில் தங்கள் முன்னோரின் ஆட்டத்தை ஆடியதற்காக ஒரு மக்களின் சாப்பாட்டையே நிறுத்தினார்கள் என்றால் நம்புவீர்களா? நடந்திருக்கிறது!

வட அமெரிக்காவின் பூர்வகுடி மக்களைத்தான் சொல்கிறோம். நாம் இன்னமும் 'செவ்விந்தியர்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் மக்கள். இந்தியாவை அடைந்துவிட்டதாக எண்ணிய கொலம்பஸ் அவர்களை 'இந்தியர்' என்றார். அந்தத் தவறு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்குச் சொந்தப் பெயர்கள் உண்டு: ஒஜிப்வே, லக்கோட்டா, கிரீ, ஹோப்பி, இன்னும் நூற்றுக்கணக்கில்.

பவ் வாவ் என்பது இம்மக்கள் ஒன்றுகூடும் ஆட்டத் திருவிழா. ஒரு பெரிய மேளத்தைச் சுற்றிப் பலர் அமர்ந்து, ஒரே தாளத்தில் அடித்துப் பாடுவார்கள். ஆடுபவர்கள் வட்டமாகச் சுற்றி வருவார்கள். இன்று இந்த ஆட்டங்களை அவர்களே பள்ளிகளுக்கும் சமூக மண்டபங்களுக்கும் கொண்டு சென்று, பிற இனத்தாருக்கும் ஆடிக் காட்டுகிறார்கள். பட்டறை நடத்திச் சொல்லியும் கொடுக்கிறார்கள்.

'இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றியதை ஏன் ஊராருக்குக் கொடுக்க வேண்டும்?' என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1883-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. பூர்வகுடி மக்களின் சடங்கு ஆட்டங்கள் குற்றமாயின. ஆடினால் ரேஷன் நிறுத்தம். மீண்டும் ஆடினால் சிறை. அதே 1883-இல்தான் 'பஃபலோ பில்' என்பவர் தமது காட்சிக் குழுவைத் தொடங்கினார். பூர்வகுடி மக்களை ஆடவும் சண்டை போடவும் வைத்து, ஊர் ஊராக டிக்கெட் விற்றார். தங்களுக்காக ஆடினால் குற்றம், முதலாளிக்காக ஆடினால் வேடிக்கை! இது என்ன நியாயம்?

கனடாவிலும் இதே கதை. 1895-இல் பல சடங்குகள் சட்டப்படி குற்றமாக்கப்பட்டன. 1914-இல், மேற்குப் பகுதி மக்கள் அதிகாரியின் அனுமதியின்றித் தங்கள் குடியிருப்பு எல்லைக்கு வெளியே பாரம்பரிய உடையில் ஆடக்கூடாது என்றார்கள். 1951-இல்தான் இந்தத் தடைகள் சட்டத்திலிருந்து நீங்கின. அமெரிக்காவில் 1934-இல் அரசு தன் போக்கை மாற்றிக்கொண்டது.

அந்த மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4-ஐக் கொண்டாடுகிறோம் என்று சொல்லி, அந்தச் சாக்கில் தங்கள் ஆட்டத்தை ஆடினார்கள். சலங்கை ஆடை ஆட்டத்தைப் பாருங்கள். 1918 வாக்கில் விஷக் காய்ச்சல் பரவிய காலத்தில், நோயுற்ற சிறுமி ஒருத்தியின் தந்தைக்குக் கனவில் வந்த ஆட்டம் என்று ஒஜிப்வே மக்கள் சொல்கிறார்கள். புகையிலை டப்பா மூடிகளைச் சுருட்டி ஆடையில் வரிசையாகத் தைத்தார்கள். நடந்தால் மழை பெய்வதுபோல் ஓசை எழும். தடை இருந்த காலத்தில் பிறந்த இந்த ஆட்டத்தை நோய் தீர்க்கும் ஆட்டமாக இன்றும் ஆடுகிறார்கள்.

நியூயார்க்கில் 1963-இல் 'தண்டர்பேர்ட்' என்ற ஆட்டக்குழு தொடங்கியது. தொடங்கியவர்கள் அந்நகரிலேயே வாழ்ந்த பூர்வகுடி மக்கள். தலைமை ஏற்றவர் லூயிஸ் மோஃப்ஸி. பெற்றோரின் ஆட்டங்கள் மறந்துபோகக்கூடாது என்பதே நோக்கம். பிறகு ஊராருக்கும் ஆடிக் காட்டினார்கள். அதில் திரண்ட பணம் எங்கே போனது தெரியுமா? பூர்வகுடி மாணவர்களின் உயர்கல்வி உதவி நிதிக்கு! முதலாளியின் டிக்கெட்டுக்கும் இந்த டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிகிறதா?

நம் கருத்து இதுதான்: பகிர்வது உரிமையை விட்டுக்கொடுப்பது அல்ல. எதைக் காட்டுவது, எதை மறைத்து வைப்பது, யார் சொல்லிக்கொடுப்பது என்று அம்மக்களே முடிவு செய்யும்வரை, பகிர்வதும் உரிமையின் ஒரு பகுதிதான். பவ் வாவில் எல்லாரும் களத்தில் இறங்கி ஆடலாம் என்று அறிவிப்பாளர் அழைக்கும் நேரம் உண்டு. படம் எடுக்காதீர்கள் என்று அவர் சொல்லும் நேரமும் உண்டு. ஆடையிலிருந்து கழுகு இறகு கீழே விழுந்தால் அதை மரியாதையோடு எடுப்பதற்கென்று முறை இருக்கிறது. கண்டவர் குனிந்து எடுத்துவிட முடியாது.

2012 டிசம்பரில் கனடாவில் 'இனியும் சும்மா இரோம்' என்ற பொருள்படும் பெயரோடு ஓர் இயக்கம் எழுந்தது. நீர்நிலைப் பாதுகாப்பைத் தளர்த்தும் சட்டத்தை எதிர்த்து, பேரங்காடிகளுக்குள் மேளத்தோடு நுழைந்து, கைகோத்து வட்ட ஆட்டம் ஆடினார்கள். கடைக்கு வந்த மற்றவர்களும் சேர்ந்து ஆடினார்கள். ஆட்டத்தை ஊராரோடு பகிர்ந்த மக்களுக்குப் போராட்ட நாளில் ஊராரும் கைகொடுத்தார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கைத்தொலைபேசியில் இந்த ஆட்டத்தைப் பார்த்தால் தடுக்காதீர்கள். கூட அமர்ந்து பாருங்கள். ஆடுபவர் எந்த இனம், அது என்ன ஆட்டம் என்று கேட்டுப் பழக்குங்கள். பள்ளி மாறுவேடப் போட்டிக்குத் தலையில் இறகு சூட்டி, முகத்தில் சாயம் பூசி அனுப்ப மட்டும் வேண்டாம். அம்மக்களுக்கு அது வேடம் அல்ல; பாட்டியும் தாயும் தைத்துக் கொடுத்த மரியாதை.

யாருடைய கலையைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஆடச் சொன்னது யார்? பணம் யாருக்குப் போகிறது? ஆடி முடிந்த பிறகு அவர்களின் மண்ணும் தண்ணீரும் அவர்களிடம் இருக்கிறதா? இதைக் கேட்காமல் கைதட்டுவதால் அம்மக்களுக்கு எந்த நன்மையும் இல்லை. சிந்திப்போம்!