உருவம் மாறினும் உலோகம் மறப்பதில்லை

பெங்களூரு சிவாஜிநகரில், 1927ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற ரஸ்ஸல் மார்க்கெட்டை அடுத்த தெருக்களில், பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்புகளை விற்கும் குஜரிக் கடைகள் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. அத்தகைய கடைகளில் சேரும் பித்தளைக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, உலைக்குச் சென்று உருகுவது. மற்றொன்று, தட்டியும் வளைத்தும் வேறோர் உறுப்பாக மாற்றப்படுவது. இவ்விரண்டும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். அது பிழை. உருகிய பித்தளை தன் பழைய வரலாற்றை இழந்துவிடுகிறது. தட்டி மாற்றிய பித்தளையோ பட்ட அடிகள் அனைத்தையும் தன்னுள் வைத்திருக்கிறது. இவ்வேறுபாட்டைக் களப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இதனை விளக்குவதற்குத் துப்பாக்கித் தோட்டாவின் கூட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அக்கூடு 100 பங்கில் செம்பு 70, துத்தநாகம் 30 கலந்த பித்தளையால் ஆனது. வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, பின்பு படிப்படியாக இழுத்து நீட்டி அதனைச் செய்கின்றனர். ஒவ்வோர் இழுப்பிலும் பித்தளை கடினமாகிறது; தொடர்ந்து இழுத்தால் கிழிந்துவிடும். ஆகவே, இழுப்புகளுக்கு இடையே அதனைக் காய்ச்சி ஆறவிடுகின்றனர். அப்போது உள்ளே நசுங்கிய படிகங்கள் மறைந்து, புதிய படிகங்கள் தோன்றுகின்றன. உலோகம் மீண்டும் இளகுகிறது. இறுதியில் கூட்டின் கழுத்தை மட்டும் சுடரில் காட்டிப் பதமாக்குவர். அடிப்பாகம் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கவேண்டியதாதலால், அது கடினமாகவே விடப்படுகிறது. ஒரே கூட்டில் மேலே இளக்கமும் கீழே கடினமும் அமைந்திருப்பது இத்தொழிலின் நுட்பமாகும்.

ஓர் அளவுத் தோட்டாவின் கூட்டை மற்றோர் அளவுக்கு மாற்றும் வழக்கமும் பழமையானதே. 1907ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 அங்குல விட்டமுள்ள வேட்டைத் துப்பாக்கிகளைத் தடை செய்தது. உடனே லண்டனைச் சேர்ந்த ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனத்தார் .500 அளவுக் கூட்டின் கழுத்தைக் குறுக்கி .465 அளவுத் தோட்டாவை உருவாக்கினர். சட்டம் மாறியது, கூட்டின் உருவமும் மாறியது. ஆனால் உலோகத்தின் இயல்பு மாறவில்லை. கழுத்தைக் குறுக்கும்போது அவ்விடத்துப் பித்தளை மீண்டும் கடினமாகி, உள்ளே இறுக்கம் தங்குகிறது. அதனைச் சூட்டினால் தணிக்காவிடில், புறத்தே பளபளக்கும் கூடு அகத்தே விரிசலுக்குக் காத்திருக்கும்.

அவ்விரிசல் எப்போது வெளிப்படும் என்பதை உலகுக்குக் காட்டியது இந்திய நாட்டு மழைக்காலமே. ஆங்கிலேயர் ஆட்சியில், குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே பிளந்தன. யாரும் அவற்றைச் சுடவில்லை, அடிக்கவுமில்லை. குறிப்பிட்ட பருவத்தில் நேர்ந்தமையால் இதற்குப் பருவப் பிளவு என்று பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. 1921ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் இதன் காரணத்தை விளக்கினர். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஈரக் காற்றுடன் சேர்ந்து, உள்ளிறுக்கமுள்ள பித்தளையைத் தாக்குகிறது என்பதே அவ்விளக்கம். இறுக்கம், ஈரம், அம்மோனியா ஆகிய மூன்றும் கூடினால்தான் பிளவு நேரும். ஒன்றை நீக்கினாலும் தீமை விலகும். சிவாஜிநகரும் 1809 முதல் வளர்ந்த பெங்களூரு இராணுவக் குடியிருப்பைச் சேர்ந்த பகுதியே. குதிரைப் படைகளும் தோட்டாக்களும் அருகருகே இருந்த அத்தகைய ஊர்களில் லாயங்கள் இன்று மறைந்துவிட்டன. ஆனால் அம்மூன்றும் ஒன்றுகூடும் இடங்கள் மறையவில்லை.

கிராமத்துக் கிடங்கு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஒரு மூலையில் யூரியா மூட்டைகளும் அம்மோனியம் சல்பேட் மூட்டைகளும் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் பயிருக்கு மருந்தடிக்கும் பித்தளைத் தெளிப்பான் கிடக்கிறது. அடுத்த அறை மாட்டுத் தொழுவம். சென்ற பருவத்தில் தெளிப்பானின் தொட்டி நசுங்க, யாரோ அதனைத் தட்டி நிமிர்த்தியிருக்கின்றனர். தட்டி நிமிர்த்துவதும் உருவம் மாற்றுவதே. இறுக்கத்தை உள்ளே விதைப்பதே. மழை தொடங்கியதும் லாயத்தில் தோட்டாக் கூட்டுக்கு நேர்ந்தது இங்கே தொட்டிக்கும் நேரக்கூடும். உள்ளே காற்றழுத்தத்துடன் இருக்கும் நஞ்சு, பிளந்த இடத்தின் வழியே உழவரின் முதுகில் வழியும். அப்போது பழி, தொட்டியைச் செய்தவர்மீது சுமத்தப்படும். உண்மையில் குறை உலோகத்தில் இல்லை. பழுது பார்த்த முறையிலும் பாதுகாத்த இடத்திலுமே உள்ளது.

பழைய பித்தளையை மாற்றிப் பயன்படுத்துவது சிக்கனம் என்போர் கூற்று மறுக்கத்தக்கதன்று. செம்பும் துத்தநாகமும் வீணாக்கத் தகுந்த பொருள்களல்ல. ஆயினும், மாற்றுவதோடு பதமாக்குவதும் சேர்ந்தாலன்றி அச்சிக்கனம் நிறைவடையாது. உள்ளிறுக்கத்தைத் தணிப்பதற்குச் சுமார் 250 முதல் 300 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்தல் போதும். கடினமும் பெரிதும் குறையாது. ஆனால் அவ்வெப்பத்தில் ஈயப் பற்று உருகிவிடுமாதலால், பற்று வைப்பதற்கு முன்பே இதனைச் செய்தல் வேண்டும். நஞ்சு படிந்த தொட்டியைக் காய்ச்சுதல் ஆபத்தானது. எனவே இது பயிற்சி பெற்ற பட்டறையின் வேலையேயன்றி, கிடங்கு வாயிலில் செய்யத்தக்கதன்று. களப் பணியாளர் செய்யவேண்டியது எளிது: தெளிப்பானைக் கழுவி, உலர்த்தி, உரமும் தொழுவமும் இல்லாத அறையில் வைக்கச் செய்தல், தட்டி நிமிர்த்திய தொட்டியை ஒவ்வொரு மழைக்காலத்திற்கு முன்பும் நீர் நிரப்பிச் சோதித்தல்.

ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. மெல்லிய பித்தளைக் கம்பியை மாணவர் பலமுறை வளைத்து நிமிர்த்தட்டும். அது விறைப்பாவதை விரல்களே உணரும். பின்பு ஆசிரியர் அதனைக் குறட்டால் பிடித்து, சுடரில் மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சி நீரில் தோய்க்கட்டும். எஃகு அவ்வாறு செய்தால் கடினமாகும், பித்தளையோ இளகும். அந்த ஒரு வியப்பு, பல பக்கப் பாடத்திற்கு ஈடாகும்.

ஆனால் தோட்டாக் கூட்டை வகுப்பறைக்குக் கொண்டுவருதல் கூடவே கூடாது. வெறுங்கூடு எனத் தோன்றுவதில் வெடிக்காத கேப் இருக்கக்கூடும். சூட்டினால் அது வெடிக்கும். உரிமம் இன்றித் தோட்டாக்களைச் செய்வது 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி குற்றமுமாகும். அத்தகைய கூடு கண்டெடுக்கப்பட்டால், அதனைத் தொடாது காவல் நிலையத்திற்குத் தெரிவித்தலே முறை.

தோட்டாவிலிருந்து கற்கவேண்டியது தோட்டா செய்யும் வித்தையன்று. வளைத்த கைக்கு, வளைந்த உலோகத்தை ஆற்றும் கடமையும் உண்டு என்பதே அது. அக்கடமையைப் பட்டறையும் கிடங்கும் பள்ளியும் பகிர்ந்துகொண்டால், ஒரு நூற்றாண்டுக்கு முன் லாயத்தில் கற்ற பாடத்தை உழவரின் முதுகில் மீண்டும் கற்கவேண்டியிராது.