நாற்காலி வந்தது, வண்டி எங்கே?

சக்கர நாற்காலி ஒன்றை வழங்கிவிட்டால் மாற்றுத் திறனாளிக்குச் செய்ய வேண்டிய கடமை தீர்ந்ததென்று சர்க்காரும் தர்மவான்களும் எண்ணி வருகிறார்கள். வீட்டு வாசலோடு நின்றுவிடும் நாற்காலி பாதி விடுதலையைத்தான் தரும். அது மோட்டார் காரில் ஏற வேண்டும். அவர் போகுமிடத்தில் அவரோடு இறங்கவும் வேண்டும். இதற்கான வழியைச் சர்க்கார் செய்து தர வேண்டும் என்பதே நமது வாதம்.

கன்னியாகுமரி ஜில்லாவிலுள்ள முட்டத்தை எடுத்துக்கொள்வோம். கடலோரப் பாறைகளின்மேல் அமைந்த மீனவர் ஊர் அது. உள்நாட்டுப் பக்கம் பனையும் தென்னையும் நிறைந்தது. மரமேறுவோர் தவறி விழுவதும், கடலில் உழைப்போர் படகில் அடிபடுவதும் இப்பகுதியார் அறியாதவையல்ல. முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவர், சிகிச்சைக்கு ஆசாரிப்பள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும், சர்க்கார் காரியங்களுக்கு நாகர்கோவிலுக்கும் போயாக வேண்டும். நாகர்கோவில் சுமார் 16 கிலோமீட்டர் தூரம். வாடகைக் கார் வருகிறது. ஆளைத் தூக்கி உட்கார வைத்தும் விடுகிறார்கள். நாற்காலியை என்ன செய்வது? மடக்கு நாற்காலியே 15 முதல் 20 கிலோ வரை கனக்கும். பாட்டரியால் ஓடுவது 50 கிலோவுக்கு மேலும் இருக்கும். தூக்க வேண்டியவர் பெரும்பாலும் மனைவி அல்லது வயதான தாயார். அவர்களுடைய இடுப்பு எத்தனை நாள் தாங்கும்? ஆகவே பிரயாணம் இன்று நாளையென்று தள்ளிப்போகிறது. இதற்குள் படுக்கைப்புண் முற்றுகிறது. சிறுநீரக நோயும் பற்றுகிறது. இவ்விரண்டும் இத்தகையோரின் உயிருக்கே ஆபத்தானவை.

இதற்குப் பரிகாரம் இருக்கிறது. காரின் டிக்கியில் பொருத்தப்படும் சிறு பாரந்தூக்கி அது. இரும்புக் கம்பம் ஒன்று, அதில் திரும்பும் கை, வாரும் கொக்கியும். சக்தி தருவது காரின் 12 வோல்ட் பாட்டரி. பொத்தானை அமுக்கினால் நாற்காலி மேலெழும்பும். ஒரு கையால் தள்ளி உள்ளே இறக்கிவிடலாம். மடக்க முடியாத கனத்த நாற்காலியானால், ஆளோடு ஏற்றிக்கொள்ளும் மேடையுள்ள வேன் உண்டு. விசைப்படகில் வலையிழுக்கும் வின்சைத் தினந்தோறும் காணும் கடற்கரையாருக்கு இதில் விந்தை ஏதுமில்லை. மீனுக்குக் கிடைத்த யந்திரம் மனிதனுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் விந்தை!

இதை நாம் யாசகமாகக் கேட்கவில்லை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, அவர்களுடைய சொந்த நடமாட்டத்தைக் கட்டுபடியாகும் செலவில் பெருக்கச் சர்க்கார் திட்டங்கள் வகுக்க வேண்டுமென்று விதிக்கிறது. சலுகைகள், வாகனங்களை மாற்றியமைத்தல், நடமாட்டத்துக்கு உதவி ஆகிய மூன்றும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும், பதிவு அதிகாரியின் அங்கீகாரத்துடன் வண்டியை இவ்வாறு மாற்றியமைக்க இடமளிக்கிறது. சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்துவிட்டது. முட்டத்தின் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

"கார் வைத்திருப்பவர் பணக்காரர், அவருக்கு எதற்குச் சர்க்கார் உதவி?" என்று சிலர் கேட்கலாம். ஏழை மீனவர் கார் வாங்கப் போவதில்லை. வாடகைக் காரில்தான் போவார். ஆகவே பாரந்தூக்கி பொருத்த முன்வரும் வாடகைக் கார்காரருக்கு மானியம் அளிப்பதே ஏழைக்குச் செய்யும் நேரான உதவி. இங்கிலாந்தில் 1977-இல் தொடங்கப்பட்ட மோட்டபிலிட்டி என்னும் ஏற்பாட்டில், மாற்றுத் திறனாளிகள் தங்கள் உதவித் தொகையைக் கொண்டே காரைக் குத்தகைக்குப் பெறுகிறார்கள். பாரந்தூக்கியும் அதில் பொருத்தித் தரப்படுகிறது. நமது நிலைமைக்கு ஏற்றபடி நாம் வேறு வழி வகுத்துக்கொள்ளலாம். யந்திரத்துக்கும் அந்நிய நாட்டை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. நிமிர்ந்து நிற்க வைக்கும் சக்கர நாற்காலியைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கியிருக்கிறது. கோயமுத்தூர்ப் பட்டறைகளுக்கு ஒரு கம்பமும் கொக்கியும் பெரிய காரியமா?

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் மோட்டார் விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே சஸ்திர சிகிச்சை செய்தார். ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவி ஆயிரக்கணக்கானவர்களுக்கு வாழ்வளித்தார். இத்தகையோரை வீட்டுக்குள் அடைத்து வைத்தால் நஷ்டம் தேசத்துக்கே.

ஆகவே, ஒவ்வொரு தாலுகாவிலும் பாரந்தூக்கியோ ஏற்று மேடையோ உள்ள வாடகை வண்டிகள் சில உடனே ஏற்பட வேண்டும். பாட்டரி நாற்காலி வழங்கும்போதே, அதை வண்டியில் ஏற்றும் வழிக்கும் பணம் ஒதுக்கப்பட வேண்டும். மாற்றியமைத்த வண்டிக்கு அங்கீகாரம் கோரும் மனுவை ஆபீஸுக்கு ஆபீஸ் அலைக்கழிக்காமல் குறித்த கெடுவில் முடித்துத் தர வேண்டும். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் நமது தொண்டர்கள் இம்மூன்றையும் கேட்டு நேரான பதில் பெற வேண்டும். சுதந்திர நாட்டில் ஒரு பிரஜை வைத்தியரிடம் போவதா வேண்டாமா என்பதை அவர் தாயாரின் இடுப்பு வலி தீர்மானிப்பதை இனியும் அனுமதிக்கலாகாது.