கற்றாழைக்குத் தாகம் இல்லை, பசி!

எங்கள் ஊரில் கிணற்றடி வேலியோரம் கற்றாழை தானாகவே வளர்ந்து கிடக்கும். யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதில்லை. சித்திரை வெயிலில் ஆடு மாடெல்லாம் நிழல் தேடிப் போகும். அது மட்டும் அசையாமல் நிற்கும். அதிலிருந்து ஒரு கன்றைப் பிடுங்கி, பேப்பரில் சுற்றி, எங்கள் ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்தார் அம்மா. "இதைச் சாகடிக்கவே முடியாதுடி" என்றார்.

நாலே மாதத்தில் சாகடித்துவிட்டேன்!

ஹாலில் டி.வி. பக்கத்தில், அழகான பீங்கான் தொட்டியில் வைத்திருந்தேன். மடல்கள் வெளிறின, ஒல்லியாக நீண்டு சாய்ந்தன. பாவம், தாகம் போல என்று தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். ஒருநாள் தொட்டதும் செடி அப்படியே கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் அழுகல்.

பிறகுதான் புரிந்தது. கற்றாழை, ரணகள்ளி போன்றவை தங்கள் சதையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறக்கும். அதனால் தண்ணீர் வீணாகாது. ஆனால், வெளிச்சம் இல்லாமல் அவற்றால் உணவு தயாரிக்க முடியாது. நம் கண்ணுக்கு ஹால் வெளிச்சமாகத் தெரியலாம். வெயிலில் வளர்ந்த செடிக்கு அது இருட்டறை. வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பதும் குறையும். மண் ஈரமாகவே கிடந்து வேர் அழுகும். என் செடிக்கு இருந்தது தாகம் இல்லை, பசி!

வீட்டுக்குள் வளர்க்க ஆசையா? இதைச் செய்யுங்கள்:

* வெயில் வரும் ஜன்னலை ஒட்டி வையுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைத் திருப்பி வையுங்கள்.

* அடியில் ஓட்டையுள்ள மண் தொட்டியே நல்லது. மண் பாதி, பெருமணல் பாதி, ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

* ஒரு குச்சியை இரண்டு அங்குலம் மண்ணில் செருகி எடுங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் நன்றாக ஊற்றி, முழுவதும் வடிய விடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

* உள்ளே இருந்த செடியைச் சட்டென்று வெயிலில் வைக்காதீர்கள், மடல் கருகிவிடும். சில நாள் நிழலில் வைத்துப் பழக்குங்கள்.

* அழுக ஆரம்பித்துவிட்டதா? கெட்ட வேரை வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த மண்ணில் நடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள்.

ஜன்னல் வெளிச்சம் குறைவான வீடா? கற்றாழையை பால்கனிக்கே விட்டுவிட்டு, உள்ளே ஸ்நேக் பிளான்ட் வையுங்கள்; அது ஓரளவு தாங்கும். திருகுகள்ளியைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

அடுத்த முறை வந்தபோது அம்மா இரண்டு கன்றுகள் கொண்டுவந்தார். "ஒண்ணு வளர்க்க, ஒண்ணு நீ சாகடிக்க" என்று சிரித்தார். இப்போது இரண்டுமே கிழக்கு ஜன்னலோரம் ஜோராக இருக்கின்றன. பக்கத்தில் புதுக் கன்றுகளும் முளைத்துவிட்டன. ஒன்றைப் பிரித்து எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன், கூடவே ஒரு குச்சியும்!