மெதுவாக ஆறவிட்டால் போதுமா?

நெய்யைக் காய்ச்சி மேடையிலேயே ஆறவிட்டால் மறுநாள் மணல் மணலாக உறைந்திருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தாலோ மெழுகுபோல் இறுகிவிடும். மருந்துப் படிகத்துக்கும் இதே கணக்கைச் சொல்வார்கள்: குளிர்ந்தால் படிகம் வரும், மெதுவாகக் குளிர்ந்தால் நல்ல படிகம் வரும். பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆலைக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

‘குளிர்ந்தால் படிகம்’ என்பது எல்லா மருந்துக்கும் பொருந்தாது. இருமுனை மனநோய்க்குத் தரும் லித்தியம் கார்பனேட், 20 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 1.3 கிராம் கரையும், கொதிநீரில் 0.7 கிராம்தான். அதைக் குளிரவைத்துக் காத்திருந்தால் ஏமாற்றமே. சூடேற்றினால் வெள்ளையாகப் படியும், சூட்டோடு வடிகட்ட வேண்டும். படிகத்தை வளர்ப்பது கரைசலின் அதிதெவிட்டிய நிலை, அதாவது கரையக்கூடிய அளவுக்கு மேல் கரைந்திருக்கும் நிலை. வெப்பநிலை அதைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பிடி, அவ்வளவுதான்.

‘குளிர் ஏற ஏற வளர்ச்சி வேகம்’ என்பதும் தவறு. குளிரில் புதுப் படிகக் கருக்கள் மளமளவென்று தோன்றும். ஆனால் கரைசல் கெட்டிப்பட்டு மூலக்கூறுகளின் நடமாட்டம் மந்தமாவதால் அவை வளராது. கிடைப்பது மாவு.

‘ஒரே சீராக மெதுவாகக் குளிர்வி’ என்ற அறிவுரைதான் கேட்க நியாயமாகத் தோன்றும், ஆகவே அதிகம் கெடுக்கும். தொடக்கத்தில் கலனில் இருப்பது விதையாகத் தூவிய கொஞ்சம் படிகம். அதன் பரப்பு சிறிது. வெளிவரும் மருந்தையெல்லாம் அதனால் வாங்கிக்கொள்ள முடியாது. மிஞ்சியது புதுக் கருக்களாக வெடிக்கும். பிறகு வடிகட்டித் துணி அடைத்துக்கொள்ளும், ஒரு மணி நேர வேலை ஒரு நாளை விழுங்கும். 1971-இல் ஆய்வாளர்கள் முல்லினும் நீவ்ல்ட்டும் காட்டிய வழி வேறு: முதலில் மிக மெதுவாக, படிகப் பரப்பு பெருகிய பின் வேகமாக. கலனைச் சும்மா ஆறவிட்டால் நடப்பது நேர் தலைகீழ். முதலில் மடமடவென்று ஆறி, கடைசியில் இழுக்கும். இன்னொன்று: நடுவில் சில டிகிரி சூடேற்றினால் பொடிகள் கரைந்துபோகும், மறுபடி குளிரும்போது அந்த மருந்து பெரிய படிகங்களில் ஏறும். சூடும் படிகத்தைப் பெரிதாக்கும்!

‘வெப்பநிலையைச் சரியாகப் பிடித்தால் எப்போதும் அதே படிகம்’ என்பவர்களுக்கு ரிட்டோனாவிரை நினைவூட்டலாம். 1996-இல் சந்தைக்கு வந்த எச்.ஐ.வி. மருந்து. அறிந்திருந்தது ஒரே படிக வடிவம். 1998-இல் காப்ஸ்யூல்கள் கரைதல் சோதனையில் தோற்றன. உள்ளே அதே மூலக்கூறு வேறு விதமாக அடுக்கிக்கொண்டு, கரைய மறுக்கும் இரண்டாம் வடிவமாகியிருந்தது. அதன் துகள் பட்ட இடத்தில் பழைய வடிவத்தைத் தயாரிப்பதே பெரும்பாடாயிற்று. காப்ஸ்யூல் விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று.

பின்னர் வந்த மென் ஜெலட்டின் காப்ஸ்யூலின் குறிப்பு, ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னது. அதே மருந்தின் குடிக்கும் கரைசல் பாட்டிலிலோ, ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள் என்றிருந்தது.