கப்பலேறிய நால்வர்

பத்து நாட்கள், மூன்று நாடுகள், கடைசியில் ஒரு சான்றிதழ். தொழில்நுட்பம், உலகமயம், தலைமைப் பண்பு என்றெல்லாம் தலைப்பிட்டு மாணவர்களை வெளிநாடு அழைத்துச் செல்லும் கல்விப் பயணங்கள் இன்று பல கல்லூரிகளின் விளம்பரங்களில் இடம் பிடித்துவிட்டன. கட்டணத்தைக் கேட்டால் நடுத்தரக் குடும்பத்துத் தகப்பனாருக்குத் தலை சுற்றுகிறது.

இந்த யோசனை புதிதல்ல. 1845 மார்ச்சில் கல்கத்தாவிலிருந்து 'பெண்டிங்க்' என்ற நீராவிக் கப்பலில் நான்கு மாணவர்கள் லண்டனுக்குப் புறப்பட்டார்கள். நால்வரும் 1835-இல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். கடல் கடந்தால் சாதியிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் இருந்த காலம். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன. எகிப்தைத் தரைவழியே கடந்து, மறுபடி கப்பலேற வேண்டும்.

அழைத்துப் போனவர் ரவீந்திரநாத்தின் தாத்தா, துவாரகநாத் தாகூர். 1834-இல் கார், தாகூர் அண்ட் கம்பெனியைத் தொடங்கி, ராணிகஞ்ச் நிலக்கரி, ஹூக்ளியில் இழுவைக் கப்பல்கள் என்று நீராவி யுகத்தின் லாபத்தை மோப்பம் பிடித்த வங்காளி. இரண்டு மாணவர்களின் செலவு அவருடையது. மூன்றாமவரின் பொறுப்பை உடன் சென்ற பேராசிரியர் குடீவ் ஏற்றார். நான்காமவருக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. நால்வரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை; லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் சேர்ந்து படித்தார்கள்.

அவர்களில் ஒருவரான சூர்ய குமார் சக்ரவர்த்தி சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். போட்டித் தேர்வு முதன்முதலாக நடந்த 1855-இல் அதில் தேறி, இந்திய மருத்துவப் பணியில் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். பிறகு தான் படித்த கல்கத்தா கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார். துவாரகநாத் 1846-இல் லண்டனில் காலமானார். அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனியும் மூழ்கியது. மாணவர்கள் மேல் போட்ட பணம் மட்டும் மூழ்கவில்லை.

அதே நகரில் 1961-இல் கல்கத்தா ஐ.ஐ.எம். உருவானபோது அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோன் கல்லூரியும் ஃபோர்டு அறக்கட்டளையும் கைகொடுத்தன. இன்று அதன் மாணவர்கள் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்கள் இங்கே வருகிறார்கள். நல்லதுதான்.

ஆனால் 1845-இன் கணக்கை நம் கல்லூரிகள் மறந்துவிட்டன. அன்று மாணவனின் படிப்பைப் பார்த்தார்கள். பணத்துக்கு ஊரில் வழி தேடினார்கள். இன்று பணம் கட்ட முடிந்தவன்தான் தலைமைப் பண்பு கற்கப் போகிறான். நான்கு இடங்களில் ஒன்றையாவது கட்டணமில்லாமல் ஒதுக்கட்டும். போய் வந்தவன் போகாதவர்களுக்கு ஒரு பருவம் பாடம் சொல்லட்டும். அது முடிந்த பிறகு கொடுக்கலாம், அந்தச் சான்றிதழை.