'நுங்க்கா' என்றால் ஒருபோதும் இல்லை!

ஆங்கிலம் வழியே ஸ்பானிஷ் படிப்பவர்கள் தடுமாறும் ஒரு சொல், 'நுங்க்கா'. 'ஒருபோதும்' என்று அர்த்தம். 'நோ கோமோ கார்னே நுங்க்கா' என்றால், நான் ஒருபோதும் இறைச்சி சாப்பிடுவதில்லை. ஒரே வாக்கியத்தில் 'ஒருபோதும்', 'இல்லை' இரண்டும் வருவதை ஆங்கில இலக்கணம் ஏற்காது. தமிழருக்கோ இது பழகிய வழக்கம்தான்! 'நுங்க்கா' வினைக்கு முன்னால் வந்தால் மட்டும் 'நோ' வேண்டாம்: 'நுங்க்கா கோமோ கார்னே'.

ஸ்பெயினுக்குப் போகும் சைவர்கள் இதோடு நிறுத்திவிடக் கூடாது. 'கார்னே'யில் மீன் சேராது. 'நோ கோமோ கார்னே நி பெஸ்காதோ நுங்க்கா' என்று மீனையும் சேர்த்துச் சொல்வதே பத்திரம். வாய் தவறி 'அ பேசெஸ்' என்றால், 'சில சமயம் சாப்பிடுவேன்' என்றாகிவிடும்.

எப்படி என்பதைச் சொல்ல, நம் 'ஆக' போல 'மென்தே' இருக்கிறது. 'லென்தோ' என்றால் மெதுவான. அதைப் பெண்பாலாக்கி ஒட்டினால் 'லென்தாமென்தே', மெதுவாக. லத்தீனில் மனதைக் குறித்த பெண்பால் சொல்லிலிருந்து வந்த ஒட்டு இது. பெண்பால் கேட்பது அதனால்தான். இரண்டு சேர்ந்தால் கடைசிச் சொல்லில் மட்டும் ஒட்டும்: 'லென்தா இ க்ளாராமென்தே', மெதுவாகவும் தெளிவாகவும்.

எதிரில் இருப்பவர் படபடவெனப் பேசினால், 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்' என்று கேட்கலாம். 'இன்னும் மெதுவாக, தயவுசெய்து' என்று பொருள். 2017-ல் உலகைக் கலக்கிய 'தெஸ்பாசித்தோ' பாட்டின் தலைப்பு, இந்த 'தெஸ்பாசியோ'வின் செல்ல வடிவம்.